கையோடு வந்த சவுரி

இண்டூர்
10-09-2024

தங்கை ராணியம்மாளுக்கு அண்ணன் தீர்த்தகிரி எழுதுவது.

நீ செய்த தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில், என் மகள் எழிலரசிக்குப் பூ வைத்த அன்று, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அத்தனை பேர் நடுவில் நீ அவள் சடையைப் பிடித்து இழுத்தாய். சவுரி உன் கையோடு வந்தது. அதை முந்தானைக்குள் மறைத்திருக்கலாம். நாற்காலிக்குப் பின்னால் போட்டிருக்கலாம். நீ தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாய். சிரித்தாய்.

ஆண்கள் நாங்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். "பாருங்கடி எங்கண்ணன் மவ சடைய! கடையில வாங்கனது, வாரண்டி இருக்குதான்னு கேளுங்க!" என்று நீ கத்திக்கொண்டிருந்தாய். உன் ஓரகத்தி சுகுணாவோடு வந்த ஒருத்தி, "அப்ப பூவ எங்கடி வெக்கறது, காதுலயா?" என்றாள். அதற்கும் ஒரு சிரிப்பு. என் மகள் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தாள். அவமானத்தில் ஒரு பெண்ணுக்கு உடம்பே அப்படித் துவண்டுபோகும் என்று நான் அன்றுதான் கண்டேன்.

இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவள் நீ. மாப்பிள்ளை மாதேஷ் உன் வீட்டுக்காரரின் அண்ணன் மகன், சுகுணா பெற்ற பிள்ளை. "தாயில்லாத பொண்ணுக்கு நான்தான் தாய்" என்று சொல்லிக்கொண்டு அன்று முன்னால் நின்றவளும் நீ.

சவுரி வைப்பது ஊரில் இல்லாத வழக்கமா? எழிலரசிக்கு முடி கொட்டுவது உனக்குத் தெரியும். ஓசூர் கம்பெனியில் நாள் முழுக்கத் தலையில் தொப்பி. அங்கே தண்ணீரும் உப்பு. அதற்கு நான் படும் பாடும் உனக்குத் தெரியும். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணிச் சாறும் கறிவேப்பிலையும் சின்ன வெங்காயமும் போட்டு, சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சி வடித்துக் கொடுக்கிறேன். ஷாம்பூவை வீட்டுக்குள் விடுவதில்லை. சீயக்காயும் செம்பருத்தி இலையும்தான். தை மாதக் கல்யாணத்துக்குள் வளர்ந்துவிடும் என்று நம்பித்தான் இருந்தோம்.

நீ இண்டூருக்கு வர வேண்டும். அதே கூடத்தில், அதே பெண்கள் முன்னால், செய்தது தவறு என்று சொல்ல வேண்டும். அதுவரை உன் நம்பர் என் போனில் அடிக்காது. எழிலரசியிடமும் உன் நம்பரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். பேசினால் மழுப்புவாய். எழுது.

கிருஷ்ணப்பன் மச்சான் சுகம்தானே? அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

தீர்த்தகிரி

*

மாரண்டஹள்ளி
18-09-2024

அண்ணாவுக்கு ராணி வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்கள் நலம். அவருக்கு முட்டிவலி கொஞ்சம் கூடியிருக்கிறது. உங்களுக்கும் எழிலுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

ஆமாம் அண்ணா. நான்தான் சடையைப் பிடித்தேன். நான்தான் தூக்கிக் காட்டினேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை நீங்கள் திட்டுவது நியாயம்.

சுகுணா அக்கா ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வேனில் திரும்பும்போது, "முடிக்கென்ன, இன்னிக்குப் போவும், நாளைக்கு வரும். பொண்ணு அடக்கமா இருக்குது. வெக்கத்துல அப்படியே சாஞ்சிருச்சி பாரு" என்றுதான் சொன்னார். அதனால் இதைப் பெரிதாக்க வேண்டாம். பெண்களை மறுபடி கூட்டி நிறுத்தி நான் பேசினால், மறந்தவர்களும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

ஒன்று மட்டும் எழுதுங்கள். எழில் காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள்? ராத்திரி வந்து என்ன சாப்பிடுகிறாள்?

புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் வீட்டில் கறி, மீன் நிறுத்தியாயிற்று. உங்கள் வீட்டில் வருஷம் முழுக்கப் புரட்டாசிதானே.

மகன் வாட்சப்பில் அனுப்பலாம் என்கிறான். நீங்கள் எடுக்க மாட்டீர்கள். பேனா பிடித்துப் பல வருஷம் ஆயிற்று. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை ராணி

*

இண்டூர்
23-09-2024

ராணிக்கு.

நான் திடமாக இருக்கிறேன். மழை ஒன்று பெய்தது. அவரைச் செடிக்குப் போதாது.

என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டிருக்கிறாய். கேள்வியின் அர்த்தம் எனக்கு விளங்காமல் இல்லை. பட்டினி போடுகிறேன் என்கிறாய். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

சென்னம்மாள் போன பிறகு என் வீட்டு அடுப்பை நான்தான் பார்க்கிறேன். கோழி கூவுமுன் எழுந்து என் மகளுக்கு முருங்கைக்கீரை போட்டு ஒரு டம்ளர் கஞ்சி வைக்கிறேன். மதியத்துக்கு முளைகட்டிய பயறும் துருவிய காய்களும் டப்பாவில் கட்டித் தருகிறேன், வேகவைக்காமல். நெருப்பில் வைத்தால் சத்து செத்துப்போகும். பொழுது இறங்கிய பிறகு வீட்டில் அடுப்பு எரிவதில்லை. அவள் வந்ததும் கொய்யாவோ பப்பாளியோ நறுக்கி வைக்கிறேன். இரவில் வயிறு காலியாக இருந்தால்தான் உடம்பு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். முட்டை சூடு, முடியை வேரோடு தள்ளும். கம்பெனி கேண்டீன் சோற்றைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், அவளும் தொடுவதில்லை.

நான் அஞ்சாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன். ஆனால் இண்டூர் நூலகத்தில் இயற்கை உணவைப் பற்றி இருக்கும் புத்தகம் அத்தனையும் படித்தவன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே தெரிந்துகொண்டேன். இந்த வயதில் என் தலையைப் பார். உன் வீட்டுக்காரர் தலையையும் பார்.

நான் கேட்டது வேறு. சவுரி கையோடு வந்தது, சரி. வந்ததும் நீ சிரித்தது ஏன்? உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, அது மட்டும் இல்லை.

தீர்த்தகிரி

*

மாரண்டஹள்ளி
17-10-2024

அண்ணாவுக்கு ராணி எழுதுவது. சுகம். தங்கள் சுகம் அறிய ஆவல். பதில் தாமதமானதற்குக் கோபிக்காதீர்கள். பாலக்கோட்டில் ஒரு வேலை. போவதும் வருவதுமாக அலைச்சல்.

சிரித்தது ஏன் என்று கேட்டீர்கள். சிரிப்பு வந்தது, சிரித்தேன். அதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.

அண்ணா, ராத்திரி அவளுக்கு ஒரு வாய் சூடாகப் போடுங்கள். களி கிண்டி அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றினாலும் போதும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண். பழத்தைத் தின்றுவிட்டுப் படுத்தால் எப்படி? உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

இன்னொன்று. சுகுணா அக்கா நல்லவர், ஆனால் பயந்த சுபாவம். மாதேஷுக்கு முதலில் ஏரியூரில் ஒரு பெண் பார்த்தார்கள். அந்தப் பெண் கோயிலில் மயங்கி விழுந்தாள் என்று எவளோ காதில் போட்டாள். வலிப்பாக இருக்கும் என்று இவரே முடிவு கட்டி அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். வெயிலில் நின்ற மயக்கம் என்று அவர்கள் எவ்வளவோ சொன்னார்கள். கேட்கவில்லை. அப்படிப்பட்டவர் முடி விஷயத்தில் வாயே திறக்கவில்லை என்றால் அது நமக்குப் பெரிய காரியம். தயவுசெய்து கிளறாதீர்கள்.

ராணி

*

இண்டூர்
22-10-2024

ராணிக்கு.

"சிரிப்பு வந்தது, சிரித்தேன்." இதை நான் நான்கு தடவை படித்தேன். அண்ணனுக்கு எழுதுகிற பதிலா இது?

என் அடுப்பு எப்போது எரிய வேண்டும் என்று மாரண்டஹள்ளியிலிருந்து உத்தரவு வர வேண்டியதில்லை. சென்னம்மாளுக்கு மருந்தும் மாத்திரையுமாகக் கொடுத்துக் கொடுத்து என்ன ஆயிற்று என்று பார்த்தவன் நான். என் மகளை அந்த வழிக்கு விட மாட்டேன்.

எழிலரசி இப்போதெல்லாம் ஞாயிறு முழுக்கத் தூங்குகிறாள். கூப்பிட்டால் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறாள். தலை வாரிய சீப்பை என் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிறாள். மனசு ஒடிந்துவிட்டது. ஒடித்தது நீ.

தீபாவளிக்கு இங்கிருந்து சீர் எதிர்பார்க்காதே.

தீர்த்தகிரி

*

05-11-2024

அத்தைக்கு எழில் எழுதுவது. இதைப் பிரியதர்ஷினியிடம் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் லைனில் என் பக்கத்தில் நிற்பவள். கம்பெனி பஸ்ஸில் உங்கள் ஊரில்தான் இறங்குவாள். அவள் போனில் பேசலாம். பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் நலமா? மாமாவின் கால்வலி எப்படி இருக்கிறது?

அப்பா உங்களுக்கு எழுதும் கடிதங்களை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் ஒட்டுகிறார். ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குக் கண் இருட்டியது. காது அடைத்தது. அப்புறம் உங்கள் கை என் கழுத்துக்குப் பின்னால் இருந்தது மட்டும்தான் ஞாபகம். கண் திறந்தபோது எல்லாரும் உங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் செய்தது என்ன என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று உங்களிடம் சத்தியம் வாங்கினவளும் நான்தான். சொன்னால் அப்பா நேராக அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவார். அவருக்கு மறைக்கத் தெரியாது. அப்புறம் ஏரியூர்ப் பெண்ணுக்கு ஆனதுதான் எனக்கும்.

பாலக்கோட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைக் கம்பெனி லாக்கரில் வைத்துச் சாப்பிடுகிறேன். டாக்டரம்மா சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதைத்தான் செய்ய முடியவில்லை. கேண்டீனில் முட்டை இருக்கிறது, பருப்பு இருக்கிறது. ஆனால் அப்பா இருட்டிலேயே எழுந்து எனக்காகக் காய் துருவிக் கட்டிக் கொடுக்கிறார் அத்தை. விரலெல்லாம் கீறல். அதைக் கொட்டிவிட்டு வேறு சாப்பிடக் கை போகவில்லை. பசிக்கும்போதெல்லாம் டீ குடித்துவிடுகிறேன்.

கட்டிக்கொள்ளப் போகிறவர் தினமும் "சாப்டியா" என்று மெசேஜ் போடுகிறார். சாப்பிட்டேன் என்று போடுகிறேன். இந்த ஒரு பொய்யைத் தவிர அவரிடம் வேறு பொய் சொன்னதில்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது அத்தை. இது நின்றுவிடக் கூடாது.

எழில்

*

மாரண்டஹள்ளி
06-11-2024

கண்ணு எழிலுக்கு அத்தை எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் உடம்புதான் எனக்குக் கவலை.

அழாதே. அண்ணன் என்னைத் திட்டினால் எனக்கு வலிக்காது. சின்ன வயசிலிருந்து வாங்கிப் பழகியதுதான். ஆனால் இது எத்தனை நாள் தாங்கும்? முதலில் டீயை விடு. சோற்றோடு டீ குடித்தால் மாத்திரை உடம்பில் சேராது என்று அந்த டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார். மாத்திரை போடும்போது எலுமிச்சைத் தண்ணீரோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்.

அப்பா கட்டிக் கொடுப்பதைக் கொட்டாதே. அதையும் தின்னு, கேண்டீனில் முட்டையையும் தின்னு. ரெண்டும் தின்றால் யாருக்குத் துரோகம்? பிரியதர்ஷினியிடம் வறுத்த கடலையும் வெல்லமும் எள்ளுருண்டையும் கொடுத்தனுப்புகிறேன். ஈரல் வறுத்துக் கொடுக்கலாம். அந்தப் பிள்ளை பஸ்ஸிலேயே தின்றுவிடும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

எண்ணெயை நிறுத்தாதே. அது அண்ணனுடைய ஆசை. முடிக்கு நல்லதுதான். ஆனால் முடி முளைக்கிற இடத்துக்குச் சோறு போக வேண்டும், கண்ணு. ஈர மண்ணில்தான் கரும்பு நிற்கும்; காய்ந்த மண்ணில் எப்படி நிற்கும்?

சத்தியத்தைக் காப்பாற்றுகிறேன். ஆனால் உனக்கு இன்னொரு தடவை மயக்கம் வந்தாலோ, அண்ணன் இந்தக் கல்யாணத்தில் கை வைத்தாலோ, என் வாயை நான் கட்ட மாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

அத்தை

*

இண்டூர்
20-11-2024

ராணியம்மாளுக்கு.

இதற்கு மேல் நலம் விசாரிக்கிற பாசாங்கு வேண்டாம்.

நேற்று தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். உங்கள் ஊர்க்காரி ஒருத்தி, பூ வைக்க வந்தவள்தான், பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை. "இவருதான் அந்தச் சவுரிப் பொண்ணோட அப்பா." நான் திரும்பிப் பார்த்தேன். "என்னாங்க, நல்லா இருக்கீங்களா? பொண்ணுக்கு முடி வளர்ந்துச்சா?" என்று என்னிடமே கேட்டாள். வந்த பஸ்ஸில் ஏறினேன். அது சேலம் போகும் பஸ். தொப்பூரில் இறங்கித் திரும்பி வந்தேன்.

உனக்கு இரண்டரை மாதம் கொடுத்தேன். ஒரு நாள் வந்து ஒரு வார்த்தை சொல்ல உனக்கு மனம் வரவில்லை. அந்த ஊரில் என் மகள் போய் வாழ வேண்டும். வாசலில் கோலம் போட்டால் சவுரி, தண்ணீர் எடுக்கப் போனால் சவுரி. முன்னால் நின்று காப்பாற்ற வேண்டிய அத்தைதான் அதைத் தூக்கிக் காட்டியவள் என்றால், அங்கே அவளுக்கு யார்?

டிசம்பர் எட்டாம் தேதி ஞாயிறு. அன்று காலைக்குள் நீ இண்டூர் வந்து சொல்ல வேண்டியதைச் சொன்னால் சரி. வராவிட்டால் மதியம் நான் மாரண்டஹள்ளி வருவேன், பூ வைத்த புடவையும் தட்டும் எடுத்துக்கொண்டு. சுகுணா வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். கல்யாணம் இல்லை.

எழிலரசியிடம் சொல்லிவிட்டேன். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பழம்கூடத் தின்னவில்லை.

தீர்த்தகிரி

*

மாரண்டஹள்ளி
24-11-2024

அண்ணாவுக்கு ராணி எழுதுவது.

இதை உட்கார்ந்து படியுங்கள். படித்ததும் எழிலைக் கூப்பிட்டுக் கத்தாதீர்கள். என் மேல் ஆணை.

அன்று நான் அவள் சடையை இழுக்கவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று பூ வைத்துக்கொண்டிருந்தேன். அவள் தலை என் கையில் கனத்தது. குனிந்து பார்த்தேன், கண் மேலே சொருகிவிட்டது. முன்னால் சரிந்தாள். விழுந்தால் குத்துவிளக்கின் மேல்தான் விழுவாள். கைக்கு அகப்பட்டது சடை. அதைப் பிடித்தேன். சவுரி கையோடு வந்துவிட்டது. மற்றக் கையால் கழுத்தைத் தாங்கிப் பின்னால் சாய்த்துவிட்டேன்.

சுகுணா அக்கா நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார். தாம்பாளத்திலிருந்து தலையைத் தூக்கினால் அவள் முகம்தான். வெளுத்து, வாய் லேசாகத் திறந்து. இந்தப் பெண்ணுக்கும் வலிப்பு என்று அந்தக் கூடத்திலேயே முடிவாகியிருக்கும். எனக்கு யோசிக்க நேரம் இல்லை அண்ணா. கையில் இருந்ததைத் தூக்கினேன். வாயில் வந்ததைக் கத்தினேன். சிரித்தேன். எல்லாக் கண்ணும் என் கைக்கு வந்துவிட்டது. அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். வெட்கத்தில் சாய்ந்தாள் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். முடி இல்லாத பெண்ணைக் கட்டிக்கொள்வார்கள். நோய்க்காரி என்று பேர் வந்தால் கட்ட மாட்டார்கள். அதுதான் என் கணக்கு.

அவளுக்கு வலிப்பு இல்லை. அக்டோபரில் அவளைப் பாலக்கோட்டு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். நான் அலைந்த அலைச்சல் அதுதான். ரத்தம் பன்னிரண்டு இருக்க வேண்டியது ஏழுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மயக்கமும் அதனால்தான், முடி கொட்டுவதும் அதனால்தான். தொப்பியும் இல்லை, ஓசூர்த் தண்ணீரும் இல்லை. சாப்பாடு போதவில்லை. பருப்பு, முட்டை, வேகவைத்த சோறு, இரும்புச்சத்து மாத்திரை, இவ்வளவுதான் மருந்து என்றார்கள். மாத்திரையை அவள் கம்பெனியில் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாள். உங்களுக்குத் தெரிந்தால் மனசு கஷ்டப்படுவீர்கள் என்று.

நீங்கள் அவளைப் பட்டினி போடுகிறீர்கள் என்று நான் எழுதவில்லை. ஆனால் அவள் பசியோடு தூங்குகிறாள் அண்ணா.

சொல்ல மாட்டேன் என்று அவளுக்குச் செய்த சத்தியத்தை மீறிவிட்டேன். நீங்கள் புடவையைத் திருப்பிக் கொடுத்தால், அன்று நான் வாங்கிய பேரெல்லாம் வீண். இனி உங்கள் இஷ்டம்.

ராணி

*

மாரண்டஹள்ளி
11-12-2024

அண்ணாவுக்கு.

எட்டாம் தேதி முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். ஓசூர் பஸ் ஒவ்வொன்றும் நிற்கும்போது எழுந்து பார்த்தேன். நீங்கள் வரவில்லை. புடவையும் வரவில்லை. கடிதமும் இல்லை. புயல் மழையில் அங்கே ஏதும் சேதமா என்றும் தெரியவில்லை. பிரியதர்ஷினியைக் கேட்டால், "எழிலக்கா வேலைக்கு வரலைங்க, லீவு" என்கிறாள்.

ஒரு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

ராணி

*

இண்டூர்
18-12-2024

தங்கை ராணிக்கு அண்ணன் எழுதுவது. மழையில் பின்கட்டு ஓடு இரண்டு போயிற்று. வேறு சேதம் இல்லை. எழிலரசி வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு வாரம் லீவு போடச் சொன்னவன் நான்.

நீ செய்தது தவறுதான். இப்போதும் சொல்கிறேன். ஆனால் நான் முன்பு எழுதிய தவறு அல்ல. என் மகளுக்கு உடம்பு சரியில்லை என்பது உனக்குத் தெரிந்தது, பாலக்கோட்டு டாக்டருக்குத் தெரிந்தது, கம்பெனியில் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்குத் தெரிந்தது. ஒரே வீட்டில் இருக்கும் எனக்குத் தெரியவில்லை. சுகுணாவிடமிருந்து மறைத்தாய், சரி. என்னிடமிருந்து எதற்கு?

உன் கடிதம் வந்த அன்று அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. பொழுது இறங்கிய பிறகு அடுப்பைப் பற்ற வைத்தேன். அவரைக்கொட்டைக் குழம்பு எனக்கு வராது. பக்கத்து வீட்டுப் பானுமதியைக் கேட்டுக் கேட்டு வைத்தேன். "என்னாண்ணா, ராத்திரியில பொகை வருது, வூடு கீடு பத்திக்கிச்சான்னு ஓடியாந்தேன்" என்றாள் அவள். பஸ் இறங்கி வந்த எழிலரசி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னப்பா, அடுப்பு எரியுது?"

"சோறு வெச்சா எரியாம என்னா பண்ணும்?"

"மணி எட்டாவப் போவுதுப்பா."

"எனக்கும் கடியாரம் பாக்கத் தெரியும். கைய கழுவு."

தட்டு நிறையப் போட்டேன். முதலில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தின்றாள். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் என்றாள். மறுபடியும் இன்னும் கொஞ்சம் என்றாள். நான் எழுந்து போய் மாட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். மாட்டுக்கு ஒன்றும் இல்லை.

மறுநாள் தருமபுரிக்கு நானே கூட்டிப்போய் மறுபடியும் ரத்தம் எடுக்க வைத்தேன். பாலக்கோட்டுக் காகிதத்தை நம்பாமல் இல்லை. என் கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்தேன். டாக்டர் சின்னப் பெண். "எண்ணெய் தேய்ங்க, வேணாம்னு சொல்லலைங்க. ஆனா எண்ணெய் மேல பூசறதுங்க, முடி வளர்றது உள்ள போற சாப்பாட்டுல" என்றாள். முளைகட்டிய பயறு நல்லதுதானே என்று கேட்டேன். நல்லதுதானாம், அது மட்டும் போதாதாம். முடி திரும்பி வர ஆறேழு மாதம் பிடிக்குமாம். தைக்குள் வராது. இதில் நான் வாதம் செய்யவில்லை. புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. ஒன்றை முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதில் நீ குறுக்கே வரக் கூடாது. கல்யாணத்தை நான் நிறுத்தவில்லை. ஆனால் மயக்கத்தை மறைத்து என் மகளைக் கட்டிக்கொடுக்கவும் மாட்டேன். இன்றைக்குச் சிரித்து மறைத்தாய். நாளைக்கு அவர்கள் வீட்டு அடுப்படியில் விழுந்தால் எதைத் தூக்கிக் காட்டுவாய்? அன்று நோய்க்காரி என்று மட்டும் சொல்ல மாட்டார்கள், ஏமாற்றுக்காரி என்றும் சொல்வார்கள். அது முடி மாதிரி வளர்ந்து மறைகிற பேர் அல்ல.

எழிலரசியிடம் சொன்னேன். "அவங்க வேணாம்னுட்டா?" என்றாள். "வேணாம்னா வேணாம்" என்றேன். மறுநாள் காலையில் கஞ்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "சொல்லிடுங்கப்பா. ஆனா அத்தைய உட்டுக் குடுக்காம சொல்லுங்க" என்றாள். தலையசைத்தேன்.

மார்கழியில் நல்ல காரியம் பேசக் கூடாது என்பாய். நான் நல்ல காரியம் பேச வரவில்லை, நடந்ததைப் பேச வருகிறேன். ஆக வேண்டியவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன். மாற்றக் கூடாது.

வரும் ஞாயிறு காலை சுகுணா வீட்டுக்குப் போய் இரண்டு ரத்தக் காகிதத்தையும் முன்னால் வைத்து, என் மகளுக்கு இருப்பது ரத்தக்குறைவு, வலிப்பு அல்ல, அது என் வீட்டுச் சாப்பாட்டில் வந்தது என்று சொல்ல வேண்டியவன் நான்.

பூ வைக்க வந்த பெண்களை அங்கே கூட்டி வைக்க வேண்டியவள் நீ. பஸ் ஸ்டாண்டில் விசாரித்தவளும் வர வேண்டும். நீ எதற்காகச் சிரித்தாய் என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டியவளும் நீ.

மாதேஷை எங்கும் போகவிடாமல் வீட்டில் இருத்த வேண்டியவர் கிருஷ்ணப்பன் மச்சான். கட்டிக்கொள்ளப் போகிறவன் தன் காதால் கேட்கட்டும்.

மாத்திரையை லாக்கரிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து என் கண் முன்னால் விழுங்க வேண்டியவள் எழிலரசி. டீயை விட வேண்டியவளும் அவள்.

முட்டை வாங்க வேண்டியவன் நான். அவிக்க வேண்டியவனும் நான். எவ்வளவு நேரம் என்று பானுமதி சொல்ல வேண்டும்.

ராத்திரிச் சோறு நான்.

சுகுணா வீட்டார் வேண்டாம் என்றால், அதை எழிலரசியிடம் சொல்ல வேண்டியவன் நான். வேறு யாரும் சொல்லக் கூடாது.

தீர்த்தகிரி